சேற்றில் ஒரு மணல் கோடு

பைப்பை உருவியபோது சேறு 'ப்ளக்' என்று ஒரு சத்தம் போட்டது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். மும்பையில் மாஹுல் பக்கம், கழியோரம், காலை ஏழரை மணி. கடல் நீர் வற்றிக் கிடந்த நேரம். ஓஹோட்டி என்பார்கள் மராத்தியில். அக்கா மகள் எம்.எஸ்ஸி. புவியியல் படிக்கிறாள். அவளுடைய ஆசிரியர் அனுமதி வாங்கி, நாலைந்து மாணவர்களைப் பயிற்சிக்கு அழைத்து வந்திருந்தார். செம்பூரிலிருந்து பக்கம்தானே என்று நான் வாளி தூக்கப் போனேன். முழங்கால் வரை புதைந்து, ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

பைப் என்றால் வீட்டில் தண்ணீருக்குப் போடும் அதே பி.வி.சி. பைப்தான், ஒரு மீட்டர் நீளம். நீளவாக்கில் இரண்டாக அறுத்து, மறுபடி சேர்த்து டேப் சுற்றியிருந்தார்கள். மேலே மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்கி, மேல்வாயை இறுக அடைத்துவிட்டு இழுத்தால் உள்ளே இருக்கும் சேறு நழுவாமல் கூடவே வரும். ஸ்ட்ராவின் மேல் முனையை விரலால் அடைத்துக்கொண்டு தூக்கினால் இளநீர் உள்ளேயே நிற்குமே, அந்த வித்தைதான். இப்படி எடுத்த சேற்று உருளையைத்தான் 'கோர்' என்கிறார்கள். பிறகு டேப்பை அறுத்து, தூண்டில் நரம்பால் சேற்றை நடுவே பிளந்து, இரண்டு பாதிகளையும் மலர்த்தி வைத்தார்கள்.

கருஞ்சேறு. மேலிருந்து கீழ்வரை ஒரே கருஞ்சேறு. 21-வது சென்டிமீட்டரில் ஒரு பால் பாக்கெட்டின் கிழிந்த மூலை. 47-வது சென்டிமீட்டரில் வெளிறிய கோடு ஒன்று, அரை சென்டிமீட்டர்கூடத் தேறாது. விரலால் தொட்டால் நறநறத்தது. மணல்.

"சுனாமியா?" என்றேன், பெரிய ஆள் மாதிரி.

"மாமா, அதை மட்டும் கடைசியாத்தான் சொல்லணும்" என்றாள்.

ஏன் கடைசியாக என்பது அன்று முழுக்க அவளிடம் கேட்டும், அப்புறம் படித்தும் தெரிந்துகொண்டது. கடலோரச் சேற்றில் பழைய சுனாமிகளைத் தேடும் துறை முழுவதும் ஏறக்குறைய அந்த ஒரு பதிலில் அடங்கிவிடும்.

முதலில், ஏன் சேறு? கழி, சதுப்பு, அலையாத்திக் காடு மாதிரி இடங்களில் நீர் மெதுவாகத்தான் உள்ளே வந்து போகும். அந்த நீருக்கு மணலைத் தூக்கும் பலம் கிடையாது. மாவைவிட நுண்ணிய வண்டலை மட்டும் சுமந்து வந்து, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் கணக்கில் படிய வைக்கும். நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு இதே வேலை. அப்படிப்பட்ட இடத்தில் மணல் கிடந்தால் அது அசலூர்க்காரன். தானாக வந்திருக்காது, யாரோ கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். கடற்கரையிலேயே தோண்டினால் இந்த வசதி கிடைக்காது. அங்கே எல்லாமே மணல், மணலுக்குள் மணலைத் தேட முடியாது. சேற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. அந்த முட்டை நாற்றம், பிராணவாயு இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியா வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. பிராணவாயு இல்லாத இடத்தில் இலையும் தண்டும் சீக்கிரம் மக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்ட என்னைப் பார்த்து ஆசிரியர் சிரித்தார். அவருக்கு அது நல்ல சகுனம்.

சரி, மணலை நீர் எப்படிச் சுமக்கிறது, எப்படி இறக்குகிறது? அம்மா அரிசி அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பாதி புரிந்த விஷயம். (இப்போது வரும் பாக்கெட் அரிசியில் கல்லே இல்லை. எங்கள் வீட்டு அரிக்கன்சட்டி பரணில் கிடக்கிறது.) தண்ணீரை ஆட்டி ஆட்டிச் சரித்தால் தவிடு மிதந்து போகும், அரிசி கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த பாத்திரத்துக்கு நகரும், கல் அடியிலேயே தங்கிவிடும். வேகம் குறையக் குறைய நீர் முதலில் கைவிடுவது கனமானதை. கடைசிவரை விடாமல் வைத்திருப்பது நொய்யைவிட நுண்ணியதை.

இதைச் சுனாமிக்குப் பொருத்திப் பாருங்கள். மெரினாவிலோ ஜூஹூவிலோ நாம் பார்க்கும் அலை பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒன்று வந்து உடையும். சுனாமியில் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கலாம். அதாவது, அது எழும்பி உடைந்து முடிகிற அலை இல்லை. கடல் மட்டமே உயர்ந்து, நிமிடக்கணக்கில் நிற்காமல் ஊருக்குள் ஓடி வருகிறது. வரும் வழியில் கடலடி மணலையும் கரை மணலையும் வாரிக்கொண்டு, சதுப்பின் மேல்தோலைப் பிய்த்து உருட்டிக்கொண்டு வரும். உள்ளே போகப் போக வேகம் தளரும். பெருமணல் முதலில் இறங்கும், அதன் மேல் சிறுமணல். ஓட்டம் நின்று நீர் தேங்கும் சில நிமிடங்களில், பாலில் ஆடை கட்டுவதுபோல மேலே ஒரு மெல்லிய சேற்றுப் படலம். பிறகு நீர் பின்வாங்கும். அடுத்த அலை வந்தால் அதே வரிசை மறுபடி முதலிலிருந்து.

ஆகவே கோரில் தேடுவது வெறும் மணலை மட்டும் இல்லை, மணல் இறங்கிய ஒழுங்கையும். அடியில் கீழ்ச்சேற்றை வெட்டியதுபோன்ற கூர்மையான எல்லை இருக்கிறதா? பிய்ந்து வந்த சேற்றுக் கட்டிகள் மணலுக்குள் சிக்கியிருக்கின்றனவா? கீழே பெரிது மேலே சிறிது என்று தரம் பிரிந்திருக்கிறதா? நடுவே ஆடை உண்டா? கார்னெட், இல்மனைட் மாதிரி கனத்த தாதுக்கள் அடியில் கருங்கோடாகத் தங்கியிருக்கின்றனவா? மணவாளக்குறிச்சிக் கருமணலைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் சட்டென்று பிடிபடும்.

இவ்வளவும் இருந்தாலும் இன்னும் சொல்லக்கூடாது. ஏனென்றால் சந்தேகத்துக்குரிய ஆள் ஒருவர் மட்டும் இல்லை.

பெரிய போட்டியாளர் புயல். புயலும் கரை மணலை உள்ளே தள்ளும். ஆனால் புயல் மணிக்கணக்கில் நின்று அடிக்கும், அலைகள் விநாடிக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அதனால் புயல் மணல் பெரும்பாலும் கரைக்குப் பக்கத்திலேயே தடிமனாக, பல மெல்லிய வரிகளாகக் குவியும்; சிறிது தூரத்தில் முடிந்துவிடும். சுனாமி மணல் மெல்லிய விரிப்பாக வெகுதூரம் போகும், உள்ளே போகப் போக மெலியும். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் இந்த இரண்டையும் பிரிப்பதில்தான் ஆய்வாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். இந்த ஓர் அடையாளம் இருந்தால் சுனாமிதான் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு கோரை வைத்துக்கொண்டு சுனாமி என்று அறிவிப்பவரை நான் இனி நம்பமாட்டேன். கரையிலிருந்து உள்நோக்கி ஒரு வரிசையாகப் பல கோர்கள் எடுத்து, அதே கோடு எல்லாவற்றிலும் வருகிறதா, எங்கே மெலிகிறது, எங்கே மறைகிறது என்று பார்த்தால்தான் பேச்சே.

அடுத்த சந்தேகம், ஆற்று வெள்ளம். மழைக்காலத்தில் ஆறும் மணல் கொண்டுவரும். இங்கே கைகொடுப்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். டயாட்டம் என்ற நுண்பாசிகளுக்குக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு; ஃபொராமினிஃபெரா என்ற ஓரணு உயிர்களுக்கு, கடலில் வாழ்பவற்றில் பெரும்பாலும் சுண்ணாம்பு ஓடு. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு முகவரி உண்டு: இது நன்னீரில் வாழும், அது உப்பங்கழியில், இன்னொன்று கரைக்கு அப்பால் ஆழத்தில். சதுப்புச் சேற்றுக்கு நடுவே ஆழ்கடல் பக்கத்து ஓடுகள் வந்து கிடந்தால் மணல் வந்த திசை தெரிந்துவிடும். ஆனால் சதுப்பு நீரில் புளிப்பு ஏறியிருந்தால் சுண்ணாம்பு ஓடு கரைந்துபோகும். ஓடு இல்லை என்பதால் கடல் வரவில்லை என்று முடிவு கட்டவும் முடியாது. அப்புறம், கழியின் வாய்க்கால் தடம் மாறியும் மணல் சேரலாம். மனிதர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் பிறகு வருகிறேன்.

இந்தத் துறையில் ஒரு கோடு எப்படி முழுக் கதையாகும் என்பதற்கு அமெரிக்காவின் மேற்குக் கரையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே வாஷிங்டன் மாநிலத்துக் கடலோரத்தில் பெரிய நிலநடுக்கம் வந்ததாக எழுத்துப் பதிவே இல்லை. 1980-களில் பிரையன் அட்வாட்டர் என்ற புவியியலாளர் சிறு படகும் மண்வெட்டியுமாக, நீர் வற்றிய நேரம் பார்த்து கழிகளின் கரைகளைச் செதுக்கிக்கொண்டு போனார். சேற்றுக்கு அடியில் ஒரு பழைய சதுப்பு நிலம் புல்லோடு கிடந்தது. புல் இருந்தால் அது ஒரு காலத்தில் கடல் மட்டத்துக்கு மேலே இருந்த தரை. அது மெதுவாக மூழ்கியிருந்தால் புல் மக்கிப் போயிருக்கும். இங்கே தண்டும் இலையும் அப்படியே இருந்தன, அவற்றைச் சுற்றி மணல். தரை திடீரென ஒரு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் இறங்கியிருக்கிறது. இறங்கிய கையோடு கடல் மணலைச் சுமந்து வந்து மூடியிருக்கிறது. புயலால் மணலைக் கொண்டுவர முடியும், ஆனால் தரையைக் கீழே இறக்க முடியாது, அது நிலநடுக்கத்தின் வேலை. போட்டியாளர் அங்கேயே விழுந்துவிட்டார்.

எந்த ஆண்டு? உப்புநீர் ஏறிச் செத்த சிடார் மரங்கள் அங்கே மொட்டையாக நின்றுகொண்டிருந்தன. வேர்களின் வளையங்களை எண்ணியதில் கடைசி வளையம் 1699-ஆம் ஆண்டுக்கு உரியது. அடுத்த பருவத்தில் வளரவே இல்லை. இதற்கிடையே பசிபிக்கின் மறுகரையில், ஜப்பானியப் பதிவுகளில் 1700 ஜனவரி இறுதியில் ஒரு சுனாமி எழுதப்பட்டிருந்தது. நிலநடுக்கம் எதுவும் உணரப்படாமல் வந்த, தாய் தகப்பன் தெரியாத சுனாமி. கென்ஜி சதாகே என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழுவினர் 1996-ல் அலை கடலைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டார்கள்: 1700 ஜனவரி 26, அமெரிக்கக் கரையில் இரவு சுமார் ஒன்பது மணி, அளவு 9-ஐ ஒட்டிய நிலநடுக்கம். எழுத்தே இல்லாத கரையில் நடந்த ஒன்றுக்கு மணி வரை சொல்லிவிட்டார்கள். சேறு தனியாகச் சொல்லவில்லை. மரமும், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தும் சேர்ந்துதான் சொல்லின.

எல்லா இடத்திலும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. பொதுவாக வயது கணக்கிட மூன்று நான்கு கடிகாரங்கள் உண்டு. மணலுக்குக் கீழும் மேலும் இருக்கும் இலை, விதைகளைக் கார்பன் 14-க்கு அனுப்பலாம். செத்த உயிரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும் கதிரியக்கக் கார்பன் அது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகத் தேய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள். கவனிக்க வேண்டியது, மணலுக்குள்ளேயே கிடக்கும் மரத்துண்டை அப்படியே நம்பக்கூடாது. அது எங்கேயோ இருநூறு ஆண்டு கிடந்துவிட்டு மிதந்து வந்ததாக இருக்கலாம். மணலின் வயதை நேரடியாகவும் பார்க்கலாம்: குவார்ட்ஸ் மணிகள் கடைசியாக வெயில் பட்டதிலிருந்து எத்தனை காலம் இருட்டில் இருந்தன என்பதை அவை வெளியிடும் மெல்லிய ஒளியை வைத்து அளக்கிறார்கள். அதற்காக எடுக்கும் கோரை வெளிச்சமே படாமல் மூடி எடுத்துப்போய், சிவப்பு விளக்கு எரியும் அறையில்தான் திறப்பார்கள். கடந்த நூறு நூற்றைம்பது ஆண்டுக்குக் கார்பன் சரிப்படாது. ஈயம் 210 வேண்டும், அதன் அரை ஆயுள் 22 ஆண்டுதான். வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் உச்சத்தில் விழுந்த சீசியம் 137-ம் நல்ல குறி.

எங்களுக்குப் பால் பாக்கெட். இதற்கு ஆய்வகம் எதற்கு என்று கேட்டேன்.

"நண்டு இழுத்துட்டுப் போயிருந்தா?" என்றாள்.

அலையாத்திச் சேறு முழுக்க நண்டு வளை. மேலே இருப்பது கீழே போகும், கீழே இருப்பது மேலே வரும். மெல்லிய மணல் கோட்டையே நண்டும் வேரும் சில ஆண்டுகளில் கலைத்துவிடும். ஒரு கோரில் கோடு இல்லாததால் சுனாமி வரவில்லை என்று ஆகாது. வந்த கோடு அழிந்தும் போயிருக்கலாம்.

தெளிவாகப் பாதுகாத்து வைத்த இடங்களும் உண்டு. தாய்லாந்தின் பிரா தோங் தீவில், பழைய கடற்கரை மேடுகளுக்கு இடையே உள்ள ஈரப் பள்ளங்களில் தோண்டினால் மேலே 2004-இன் மணல், அதன் கீழே கரிய மண், அதன் கீழே இன்னொரு வெளிறிய விரிப்பு. 2008-ல் வெளியான ஆய்வு, அந்த முந்தைய சுனாமி 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்தது என்று கணித்தது. சுமத்ராவின் ஆச்சே கரையில் ஒரு குகை இன்னும் விசேஷம். வௌவால் எச்சத்துக்கு நடுவே மணல், மறுபடி எச்சம், மறுபடி மணல். 7,400 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 2,900 ஆண்டுகளுக்கு முன்பு வரைக்கும் பதினொரு சுனாமிகள் அதில் பதிந்திருந்தன. இடைவெளி சீராகவே இல்லை. ஒரு கட்டத்தில் இரண்டாயிரம் ஆண்டு ஒன்றுமே இல்லை. இன்னொரு கட்டத்தில் ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே நான்கு. "இத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும்" என்று பேசுபவர்கள் அந்தக் குகையை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

தமிழில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி பூம்புகார்தான். எங்கள் கட்டடத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன், இரண்டு பேரும் அதையே கேட்டார்கள். இந்திர விழாவை மறந்ததால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. 'சுனாமி' என்ற ஜப்பானியச் சொல் 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைதான் நம்மில் பெரும்பாலோர் காதில் விழுந்தது. 'கடல்கோள்' என்ற சொல்லோ நம்மிடம் எப்போதும் இருந்தது. அதே காவிரிப்பட்டினத்தில் சி.பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் முதலான ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்து, சோழர் காலத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சுனாமிப் படிவை 2011-ல் அறிவித்தார்கள். உடனே இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் மணிமேகலை அதற்குச் சில நூற்றாண்டுகள் மூத்தது. காப்பியம் சொல்லும் கடல், இந்த மணலைப் போட்ட கடலாக இருக்க முடியாது. வேறு கோடு கிடைக்கும்வரை காப்பியம் காப்பியமாக இருக்கட்டும்.

மும்பைக்கு வருவோம். 1945 நவம்பர் 28 அதிகாலை, இன்றைய பாகிஸ்தானின் மக்ரான் கரைக்கு அப்பால் 8.1 அளவில் நிலநடுக்கம். அன்று காலையே பம்பாய்க் கரைக்கு அலை வந்து சேர்ந்தது. சுமார் 2 மீட்டர் உயரம் என்று பதிவு. படகுகள் கட்டை அறுத்துக்கொண்டு போயின, உயிர்களும் போயின. என் தாத்தா அப்போது தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தார். மாஹிம் கழி கூப்பிடு தூரம். யுத்தம், ரேஷன், கலவரம் என்று எத்தனையோ சொல்லியிருக்கிறார். இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த அலை மும்பைச் சேற்றில் ஏதாவது எழுதிவிட்டுப் போயிருக்குமா? 2 மீட்டர் அலை அதிக மணலைத் தூக்காது. தவிர, இங்கே தினசரி ஓதமே, அதாவது கடல் ஏறி வற்றுவதே பெரிது, சில நாட்களில் 5 மீட்டரை நெருங்கும். அலை வந்த நேரத்தில் கடல் வற்றியிருந்ததா ஏறியிருந்ததா என்பதைப் பொறுத்து, வழக்கமான எல்லையைத் தாண்டினாலும் தாண்டியிருக்கும், தாண்டாமலும் போயிருக்கும். இன்னொன்று, மணல் போய் நின்ற இடமும் நீர் போய் நின்ற இடமும் ஒன்று இல்லை. 2011-ல் ஜப்பானின் செண்டாய் சமவெளியில் நீர் 4 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனது. கண்ணுக்குத் தெரிகிற மணல் சுமார் 3 கிலோமீட்டரில் நின்றுவிட்டது, அதற்கு அப்பால் வெறும் சேறு. அதே சமவெளியில் கி.பி. 869-இன் சுனாமி விட்டுப்போன மணலை ஆய்வாளர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். அந்த மணல் முடிந்த இடத்தையே நீரின் எல்லை என்று கொண்டால், பழைய சுனாமியைக் குறைத்து மதிப்பிட்டதாகத்தான் ஆகும்.

இதெல்லாம் தெரிந்தும், அன்று இரவு நான் ஒரு கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் சேறு படிந்தது என்று வைத்துக்கொண்டால், 47 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ எண்பது ஆண்டு. எண்பது ஆண்டுக்கு முன்னால் என்ன? 1945! உடனே அவளுக்கு போன் அடித்தேன். பைப்பை அடித்து இறக்கும்போது உள்ளே சேறு அமுங்கிவிடும், உண்மையான ஆழமே 47 இல்லை என்றாள். வேகத்தை நானாகத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொன்னாள். "விடை தெரிஞ்சுக்கிட்டு கணக்குப் போடறீங்க மாமா."

கோரின் ஒரு பாதி கல்லூரியில் இருந்தது. இன்னொரு பாதி பிளாஸ்டிக் உறை சுற்றி அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில், கீழ்த் தட்டில், வெண்டைக்காய்க்குப் பக்கத்தில். காய்ந்தால் வெடித்துவிடும், பூஞ்சை பிடித்தால் வயதுக் கணக்கு தப்பலாம். அதனால் குளிரில் வைக்க வேண்டுமாம். அக்கா ஒரு வாரம் பொறுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது அந்தக் கோட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, டீ வடிகட்டியைவிட நெருக்கமான ஒரு சல்லடையில் கழுவி, லென்ஸுக்கு அடியில் வைத்திருந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். பளபளவென்று குவார்ட்ஸ், ஒன்றிரண்டு சிப்பித் துணுக்கு. அவற்றுக்கு நடுவே, முனை மழுங்காத சிவந்த பொடி. ஊசியால் ஒரு மணியைத் தள்ளிக் காட்டினாள். செங்கல். பக்கத்திலேயே கரித்தூள், கொஞ்சம் காரைத் துணுக்கு. எப்போதோ பக்கத்தில் யாரோ கழியைத் தூர்த்து மனை எடுத்திருக்கிறார்கள். கொட்டிய மண்ணில் கொஞ்சம் ஓதத்தோடு வழிந்து இங்கே வந்து படிந்திருக்கிறது.

"மனுஷன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த கோரைப் பிரிக்கத் தொடங்கினாள்.